பச்சை நூல் பதினான்கு

எனக்குக் குடல் இறங்கிய வருடத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் வெள்ளி ஏறியது. இரண்டாயிரங்களின் பின்பாதி. வாஷிங் மெஷினுக்குள் வெள்ளி, தண்ணீர் ஃபில்டருக்குள் வெள்ளி என்று டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த காலம். கொடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் துணி ஸ்டோருக்குப் பொறுப்பு. விரிப்பு, தலையணை உறை, கம்பளி, ஆபரேஷன் துணி எல்லாம் என் அலமாரியிலிருந்து போய் என் அலமாரிக்கே திரும்பும். பதினெட்டு வருடமாக இதே சோலி. மூட்டை தூக்கித் தூக்கித்தான் குடல் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மூட்டையைத் தூக்கியது பெரும்பாலும் சலவையம்மாதான், பக்கத்தில் நின்று பார்த்ததற்கே இவருக்கு இறங்கிவிட்டது என்பது என் மனைவியின் கருத்து.

சலவையம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு பெண்ணாகக் கப்பலில் வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஏழு வருடமாக எங்கள் ஆஸ்பத்திரியில் தினக்கூலிக்குத் துவைத்துக்கொண்டிருந்தார். அழுக்குத் துணியை ஒரு பெரிய இரும்பு டிரம்மில் போட்டுத் தைலமர விறகெரித்துக் கொதிக்க வைப்பார். வெயில் வந்தால் வெளியே கொடியில், வராவிட்டால் கொதிகலன் அறையில் உலர்த்துவார். எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு கைக்குட்டை காய மூன்று நாள் ஆகும். இவர் கையில் அறுபது விரிப்பு தினமும் காய்ந்தது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. அந்த வருடம் அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு தயாராகி, மேட்ரன் சிஸ்டரின் மேசை இழுப்பறையில் இருந்தது. புது விரிப்புகளின் சோதனை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகச் சிஸ்டர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு கிடைக்கும். அந்த வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி கூட எடுத்து வைத்திருக்கிறேன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்தச் சோதனையைக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்ப் பெண். ஜவுளி ஆராய்ச்சி மாணவி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எங்கள் ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்த புது பேலிலிருந்து நாற்பது விரிப்புகளை வாங்கிப்போய், அதில் இருபதுக்கு மட்டும் வெள்ளித் துகள் பூசிக் கொண்டுவந்தார். ஒரு தலைமுடியின் தடிமனில் அந்தத் துகளை ஆயிரக்கணக்கில் அடுக்கலாமாம். துணியில் ஈரமோ வியர்வையோ பட்டால் வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியைக் கொல்லும் என்றார். துணிக்கு மட்டுமில்லை, உடம்புக்குள் வைக்கிற சாமான்களுக்கும் இப்போது பூசுகிறார்கள் என்று பையிலிருந்து ஒரு சிறுநீர்க் குழாயை எடுத்து நீட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தேன்.

இருபது விரிப்பின் மூலையில் பச்சை நூல், இருபதில் சிவப்பு நூல். எது பூசியது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் நர்ஸ்கள் அந்த விரிப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்வார்கள், கணக்குக் கெட்டுவிடும் என்றார். ஒவ்வொன்றிலும் மார்க்கிங் மையால் நூல் நிறத்தின் முதல் எழுத்தும் எண்ணும் எழுதினேன். ப 1, ப 2, சி 1, சி 2 என்று. நாற்பதும் பெண்கள் வார்டில் மட்டும் விரிக்கப்படும். வாரம் ஒருமுறை அவர் மலையேறி வந்து, பாசிக்கூழ் நிரப்பிய வட்டத் தட்டை விரிப்பின்மேல் அழுத்தி எடுத்து, வெதுவெதுப்பான பெட்டியில் வைப்பார். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒரு புள்ளி ஒரு கிருமிக் குடும்பம்.

"பிளீச்சிங் பவுடர் மட்டும் இந்த நாப்பதுல படவே கூடாதுங்க்கா," என்று சலவையம்மாவிடம் சொன்னார். "பட்டா வெள்ளி கெட்டுப் போயிருமுங்க. துணியும் சாம்பலாத் தெரியும்."

"போட மாட்டேம்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். தொவைக்கத் தொவைக்க இந்த வெள்ளி தண்ணியில போவாதா?"

"கொஞ்சம் போகுமுங்க."

"போயி எங்க சேரும்?"

அந்தப் பெண் ஜன்னல் வழியே பார்த்தார். சலவைத் தொட்டியின் தண்ணீர் வாய்க்காலாக இறங்கிக் கீழே, சமவெளியில் சௌசௌ என்று சொல்லும் மேரக்காயின் பந்தலுக்குள் போகிறது. அதற்குக் கீழே ஓடை.

"அதை யாரும் இன்னும் சரியாப் பாக்கலீங்க்கா," என்றார். நோட்டைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். நான் அப்போது ஒரு ஜோக் அடித்தேன். இனி நம் ஊர் மேரக்காயை நகைக்கடையில்தான் விற்க வேண்டும் என்றோ என்னவோ. நர்ஸ்கள் சிரித்தார்கள். அங்கே என் நிலைமை அதுதான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த அன்றிலிருந்து அந்த ஜோக்கர் காணாமல் போனான்.

மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் முகம் நினைவுக்கு வரும். எனக்கு வந்தது அழுக்குக் கூடை. பதினெட்டு வருடமாக அதில் என்னென்ன வந்து விழுந்தது என்று எனக்குத் தெரியும். எந்தக் கட்டிலில் யாருக்குச் சீழ் பிடித்தது, எந்த மெத்தையில் மழைக்காலத்தில் பூஞ்சை வந்தது என்று வரிசையாகச் சொல்வேன். என் தையலும் சீழ் பிடிக்கும் என்று முடிவு கட்டினேன். சீழ் ரத்தத்தில் ஏறும். மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது உயிர் போகும். எந்த வளைவு என்று கூடத் தீர்மானித்து வைத்திருந்தேன்.

"டாக்டர் இது சின்ன ஆபரேசன்னுதான சொன்னாரு," என்றாள் மனைவி. பழனிக்காரி. அடிவாரத்துக் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் எதற்கும் குரலை உயர்த்தமாட்டாள், ஆனால் விடவும் மாட்டாள்.

"அவரு படுக்கப் போறதில்லையே."

"நீங்க படுக்கிறதுக்கு இந்தப் பாடுன்னா, எனக்கு மூணு பிரசவம் ஆன கட்டிலுங்க அதெல்லாம்."

பேச்சு அத்தோடு முடிந்தது. பயம் முடியவில்லை. ஆண்கள் வார்டுக்கு வெள்ளி விரிப்பு கிடையாது. கேட்டால் கோயம்புத்தூர்ப் பெண் தரமாட்டார், சோதனை கெட்டுவிடும். எது வெள்ளி என்றும் அவர் சொல்லமாட்டார். ஆனால் பதினெட்டு வருடம் வெள்ளைத் துணியைப் பார்த்த கண்ணிடம் அதை மறைக்க முடியுமா. ஒரு காலை வெள்ளனே ஸ்டோருக்குப் போய், கிழக்கு ஜன்னலில் பச்சையையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சையில் மிக லேசாக ஒரு மஞ்சள். வயதான பல்லின் நிறம். பச்சைதான் வெள்ளி என்று தெரிந்துபோயிற்று.

செய்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். பச்சை நூலில் நான்கு விரிப்புகளைத் திருடினேன். பதினொன்றிலிருந்து பதினான்கு வரை. மூலையில் இருந்த நூலைப் பிரித்தேன். அதே புது பேலிலிருந்து வேறு நான்கு வெறும் விரிப்பை எடுத்து, பச்சை நூல் போட்டு, அதே எண்களை எழுதினேன். நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. வீட்டில் டீத்தூள் டிக்காஷன் போட்டு, நிறையத் தண்ணீர் கலந்து முக்கினேன். முதல் முக்கலில் நிறம் கூடிவிட்டது. அலசி மறுபடி முக்கி, மூன்றாவது தடவையில் சரியான பல் நிறம் வந்தது. வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது கூட.

திருடியதில் இரண்டு, படுக்க விரிப்பாக. ஒன்றில் தலையணை உறை. கடைசி ஒன்றை நாயுடுபுரத்து டெய்லரிடம் கொடுத்து நாடா வைத்த டிராயர் தைக்கச் சொன்னேன். காயத்தின்மேல் நேரடியாகப் படும் துணி அல்லவா.

"பெட்சீட்ல டிராயரா?" என்றார் டெய்லர்.

"குளிருக்கு."

"ஒங்களுக்கு மட்டும் தனிக் குளிரா அடிக்குது?"

பெண்கள் வார்டில் என் டிக்காஷன் விரிப்புகள் நான்கும் போய் வந்தன. யாருக்கும் சந்தேகமில்லை. கோயம்புத்தூர்ப் பெண்ணும் ஏதோ பரீட்சை என்று அந்த வாரங்களில் மலையேறவில்லை. மூன்றாவது வாரம் நான் ஆண்கள் வார்டில் சேர்ந்தேன். வீட்டு விரிப்பு, எனக்கு அலர்ஜி என்று நர்ஸிடம் சொல்லி என் வெள்ளியை விரித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் தாண்டிக்குடி ஜீப் டிரைவர் ஒருவர், கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நான் முதலில் கேட்டது டிராயர் எங்கே என்றுதானாம். அதை அவர் மூன்று நாளாக வார்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்றாம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. கோயம்புத்தூர்ப் பெண் முந்தின நாளே வந்து தட்டுகளை அழுத்திப் பெட்டியில் வைத்துவிட்டு, அன்று எண்ணிப் பார்த்திருக்கிறார். பச்சையில் பதினாறு விரிப்பும் சுத்தமாக இருந்தன. பதினொன்றிலிருந்து பதினான்கு வரை மட்டும் சிவப்பு நூல் விரிப்புகளைப் போலவே புள்ளிகள். விரிப்புகளை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நான்கும் மங்கலான சாம்பல் நிறம்.

வெள்ளியில் பிளீச்சிங் பவுடர் பட்டால் சாம்பலாகும் என்று அவரே சொல்லியிருந்தார் அல்லவா. கிருமி கூடிவிட்டது, நிறமும் மாறிவிட்டது. யார் பார்த்தாலும் வேறு முடிவுக்கு வரமுடியாது. மேட்ரன் சிஸ்டர் சலவையம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். போடவில்லை என்று அவர் சொன்னார். சிஸ்டர் இழுப்பறையிலிருந்த உத்தரவை எடுத்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள் வரும், நீங்கள் வரவேண்டாம் என்றாராம். அன்று வெள்ளிக்கிழமை. இதையெல்லாம் என் தலைமாட்டில் நின்று ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னார். நான் தூங்குவதாக நினைத்து.

நான் தூங்கவில்லை. காயத்தில் திடீரென்று வலி வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் வலி காயத்தில் இல்லை.

பதினோரு மணிக்குச் சலவையம்மா அழுக்குக் கூடையோடு வார்டுக்கு வந்தார். ஜீப் டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க ஸ்டோர் சார்?"

"தையலைத் தவிர மத்ததெல்லாம் சொகம்மா."

அவர் சிரிக்கவில்லை. என் விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நூல் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. அவற்றின்மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார்.

"இது கருக்கல," என்றார்.

"வீட்டுத் துணிம்மா அது."

"ம்."

கூடையைக் கீழே வைத்தார். "சின்னதுல தோட்டத்துல எங்க லயத்து வீட்டுல ஒரு இரும்பு வாளி கெடந்திச்சு சார். அம்மா மிச்சத் தேத்தண்ணிய அதுல ஊத்தி வைப்பாங்க, செடிக்கு. நான் வெள்ளச் சட்டைய அதுக்குள்ள போட்டுட்டேன். பொறகு எத்தன தடவ வெளுத்தாலும் போவல. சாம்பக் கலரு. தேத்தண்ணியும் இரும்பும் சேந்தா அப்படித்தான் வரும். தோட்டத்துல பொறந்த எல்லாத்துக்கும் தெரியும்."

எனக்கு அவருடைய இரும்பு டிரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்று வாரம் அந்த டிரம்மில் என் டிக்காஷன் கொதித்திருக்கிறது.

"சிஸ்டர்ட்ட இதச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? பெட்சீட்டுல தேத்தண்ணி எப்படி வந்திச்சுன்னு கேப்பாங்க. நான் பாக்காத ஒண்ண நான் எப்படிச் சொல்லுவேன்." கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னா தப்பிக்கச் சொல்றேம்பாங்க சார். வேற யாராச்சும் சொன்னா நம்புவாங்க."

போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். நடந்ததைச் சொன்னேன். டிராயர் விஷயம் அவளுக்குத் தெரியும். டிக்காஷன் விஷயம் தெரியாது. அன்றைக்கு வீட்டில் காபிக்குப் பதிலாக டீ எதற்கு என்று கேட்டவள்தான், நான் ஏதோ சொல்லி மழுப்பியிருந்தேன்.

"சொல்லிருங்க," என்றாள்.

"சொன்னா என் வேலை போகும்."

"போகட்டும்."

"தையல் போட்டு மூணு நாள்தான் ஆச்சு. இந்த நேரத்துல டென்சன் ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

"சொல்லுவாரு."

கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "பயந்தது நீங்க. வேல போறது அந்தம்மாவுக்கா?"

அவள் கேட்டது நியாயம். ஆனால் பயத்துக்கு நியாயம் தேவையில்லையே, அது பாட்டுக்கு வேலை செய்யும். பக்கத்தில் போன நர்ஸைக் கூப்பிட்டு, சத்தமாகப் பேசினால் தையல் பிரியுமா என்று கேட்டேன். பிரியாது என்றார். நின்றுகொண்டு பேசினால்? அதற்கும் பிரியாதாம். எனக்கு உதவ அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் கூட இல்லை.

மறுநாள் காலை மேட்ரன் சிஸ்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூடவே கோயம்புத்தூர்ப் பெண், ஊருக்குக் கிளம்பும் பையோடு. என்னிடம் நலம் விசாரிக்க வந்திருந்தார். வார்டு வாசலில் சலவையம்மா துவைத்த துணிகளை இறக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை. அவருக்கு மிச்சம் அந்த ஒரு நாள்தான்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அந்த நாலு சீட்டும் வெள்ளி பூசினது இல்ல. பூசினத நான் எடுத்துக்கிட்டேன். அதுக்குப் பதிலா வச்சது வெறும் சீட்டு. டீ டிக்காஷன்ல முக்கி வச்சேன். டிரம்ல பட்டுக் கருத்துப்போச்சு."

முதலில் ஜீப் டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். கட்டுப்போட்ட கால் தொங்குகிற கம்பியே ஆடியது. நர்ஸ்கள் சிரித்தார்கள். சிஸ்டர் கூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"ஏங்க ஸ்டோர் சார், சக்கர போட்டீங்களா?" என்றார் டிரைவர்.

"உண்மையச் சொல்றேன்."

"இஞ்சி தட்டிப் போட்டா கிருமி இன்னும் வெரசா சாகும்ல."

"போதும் மேன்," என்றார் சிஸ்டர். "அந்த லேடிக்காக நீங்க பேசறீங்க, நல்ல மனசு. பட் இதுல ஜோக் வேண்டாம். டிசிஷன் எடுத்தாச்சு."

பதினெட்டு வருடம் ஊரைச் சிரிக்க வைத்தவன், ஒரே ஒரு முறை நம்ப வைக்க முடியாமல் படுத்திருந்தேன். என் வாயால் இனி ஆகாது என்று தெரிந்தது. விரிப்பைக் காட்டலாம், ஆனால் நூலை நான்தான் பிரித்துவிட்டேனே. எண் எழுதிய எதிர் மூலை மெத்தைக்கு அடியில், நான் படுத்திருக்கும் பக்கம். புரண்டு எடுக்க முடியவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த சாட்சி ஒன்றுதான்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி நின்றேன். திரும்பினேன். வேட்டியை அவிழ்த்தேன்.

நாயுடுபுரத்து டெய்லர் சிக்கனக்காரர். துணியில் ஒரு விரற்கடை கூட வீணாக்காமல் வெட்டியிருந்தார். அதனால் என் பின்பக்கத்தில் நட்டநடுவே, மார்க்கிங் மையில், என் கையெழுத்திலேயே இருந்தது: ப 14.

சிஸ்டர் சுவரில் இருந்த மாதா படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ்கள் தரையைப் பார்த்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். பிறகு வார்டு வாசலுக்குப் போய், துவைத்த அடுக்கிலிருந்து ஒரு சாம்பல் விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். அதிலும் ப 14. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆராய்ச்சிக்காரர் என்றால் யார் என்பதை அன்று புரிந்துகொண்டேன். எந்த இடத்தில் எழுதியிருந்தாலும் அவருக்கு அது எழுத்துத்தான்.

"கட்டிக்கோங்கண்ணா," என்றார்.

கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜீப் டிரைவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"ஏன் இப்படிப் பண்ணுனீங்க?" என்றார் கோயம்புத்தூர்ப் பெண்.

"பயம்மா. சீழ் பிடிச்சிரும்னு."

"ஒரு ஆள் பயந்தா என்ன ஆகும்னு என் திட்டத்துல நான் எழுதவே இல்லீங்க்ணா." கையிலிருந்த சாம்பல் விரிப்பைக் கட்டில்மேல் போட்டார். ஐந்து மாத வேலை. நான்கு விரிப்புகள் பொய்யானால் மற்ற முப்பத்தாறையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். "எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே. டெய்லர் கடைத் தரையில கெடந்த துணிய புதுத் தையல் மேல கட்டியிருக்கீங்க. அதுல எத்தன வெள்ளி இருந்து என்னங்க பிரயோசனம்? உங்க காயத்தப் பாத்துக்கறது டிரெஸ்ஸிங் மாத்தறவங்க கழுவுன கைதானுங்க."

அடுத்துப் பேசியது என்னிடம் இல்லை, சிஸ்டரிடம். "இன்னொண்ணு சிஸ்டர். சிவப்பு நூல் சீட்டு வெறும் துணி. அதுலயும் நான் எதிர்பார்த்த அளவு கிருமி வரல. கீழ டவுன்ல வேற ஒரு எடத்துல இதே மாதிரி வெறும் துணிய அழுத்திப் பாத்தேன், தட்டு நெறைய வந்துச்சு. இங்க ஏன் கம்மின்னு எனக்கு ரொம்ப நாளாப் புரியல. தட்டுல கோளாறோன்னு நெனச்சேன்." வாசலைப் பார்த்தார். "இவங்க கொதிக்க வைக்கிறதுதான் காரணம். நான் இவங்களப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

சிஸ்டர் மாதாவிடமிருந்து திரும்பி வாசலுக்கு நடந்தார். சலவையம்மாவின் முன்னால் போய் நின்று, திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொன்னாரா என்று எனக்குக் கேட்கவில்லை. தலையைக் குனிந்ததைப் பார்த்தேன்.

சலவையம்மா சரி என்றார். துணிகளை அடுக்கி முடித்துவிட்டுப் போனார். என் பக்கம் பார்க்கவில்லை.

என் வேலை போகவில்லை. ஒரு மெமோ வந்தது, அந்த வருட உயர்வு நின்றது, ஸ்டோர் சாவி சிஸ்டரின் அறைக்குப் போனது. காயத்தில் சீழ் பிடிக்கவில்லை. டிராயரின் நாடா அறுத்து இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புத் தடிப்பு மட்டும் வந்தது. அதற்குக் களிம்பு தடவிய நர்ஸ், இந்த வார்டில் இந்த மாதம் வந்த ஒரே தொற்று உங்கள் டிராயர்தான் என்றார்.

சோதனை மறு வருடம் முதலிலிருந்து நடந்தது. வெள்ளி வேலை செய்தது. முதலில் நன்றாகவும், துவைக்கத் துவைக்கக் குறைவாகவும். கோயம்புத்தூர்ப் பெண் இந்தத் தடவை வாய்க்காலில் வழிந்த தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனார். அதில் என்ன கிடைத்தது என்று அவர் எங்காவது எழுதியிருப்பார், எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி அந்த விரிப்புகளை வாங்கவில்லை. டிரம்மை மட்டும் மாற்றினார்கள், துருப்பிடிக்காததாக. உடம்புக்குள் வைக்கிற குழாய்களில் அந்தப் பூச்சு இப்போது எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறது என்று படிக்கிறேன், நம்பவும் செய்கிறேன். அந்த வேலை அந்த இடத்தில் சரி. நான்தான் அதைத் தாயத்தாகக் கட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

சலவையம்மாவுக்கு நிரந்தர உத்தரவு வரத் தை மாதம் ஆகிவிட்டது. என்னால் தள்ளிப்போன மாதங்கள் அவை. அதற்குள் குவார்ட்டர்ஸில் காலியாக இருந்த வீடு வேறொருவருக்குப் போய், பின்வரிசையில், ஜன்னல் சுவரைப் பார்த்த ஒன்றுதான் கிடைத்தது. பரவாயில்ல சார், கொதிகலனுக்குப் பக்கம், குளிராது என்றார்.

அவர் என்னிடம் பேசினார், முன்பு போலவே. ஒன்று மட்டும் மாறியிருந்தது. துவைத்த விரிப்புகளை அவர் கொண்டுவந்து இறக்குவார், நான் எண்ணி எழுதிக்கொள்வேன். அதுதான் அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து வழக்கம். இப்போது நான் எண்ணி முடித்த பிறகு அவர் மறுபடி எண்ணத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றின் ஓரத்தையும் இரண்டு விரலால் புரட்டி, உதடு அசைய. முதல் நாள் ஒரு ஜோக் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை நின்றேன். நான் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நின்றேன்.